பந்தில்லாதவன் கடமை

உதைபந்தாட்டத்தில் பந்தைப் பறிகொடுத்தவனையே கடிந்துரைக்கும் வழக்கம் பயிற்றுவோர் பலரிடம் உண்டு. அது பெரும்பாலும் முறையன்று. ஒரு குழுவில் பதினொருவர் உளர், பந்தோ ஒன்றே. எஞ்சிய பதின்மரும் நின்ற இடத்திலேயே நிற்பாராயின், பந்துடையான் எத்துணைத் திறலுடையனாயினும் யாருக்கு அதனை வழங்குவான்? பந்தைக் காத்தல் பந்தில்லாதார் கடமையே என்பது எம் துணிபு.

இதனைப் பயிற்றுதற்கு ‘ரோண்டோ’ என்னும் பயிற்சி தக்கது. ஒல்லாந்து நாட்டு யோகான் கிரைப் 1988-இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாக் கழகத்தின் பயிற்சியாளரான பின்னர், அங்கு இது பெருஞ் சிறப்புற்றது. அறுவர் வட்டமாக நிற்க, இருவர் நடுவே நின்று பந்தைப் பறிக்க முயல்வர். வட்டத்தார் ஓரிரு தொடுகையிலேயே பந்தை வழங்கிவிடல் வேண்டும். பறிகொடுத்தவன் நடுவே செல்வான். காண்பார்க்குச் சிறுவர் விளையாட்டாகவே தோன்றும். ஆசிரியரோ பந்தை நோக்காது, அதனைப் பெறவிருப்பவனை நோக்குவாராக. பறிப்பவன் முதுகுக்குப் பின் மறைந்து நிற்பவனுக்குப் பந்து சேராது. ஈரடி விலகினால் வழி திறக்கும். பந்து வருமுன்னரே தோளுக்கு மேலாகத் திரும்பி நோக்கியவன், அடுத்து யாருக்கு வழங்குவது என்பதை அறிந்திருப்பான். உடலைச் சற்றே திருப்பி, பறிப்பவனுக்கு எட்டாத காலால் ஏற்பான். நோக்காது நின்றவன் பந்து வந்த பின்னரே சிந்திக்கத் தொடங்குவான். அதற்குள் பந்து போய்விடும்.

பந்தின்றி இயங்குவதன் ஆற்றலை 1953-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஹங்கேரியர் காட்டினர். அவர்தம் நடு முன்னணி வீரர் ஹிதெக்குட்டி முன்னே நில்லாது பின்வாங்கி ஆடினார். அவரைத் தடுத்தற்குரிய இங்கிலாந்து வீரர் பின்தொடர்ந்தால் கோலுக்கு முன் வெற்றிடம் உண்டாம். தொடராது நின்றால் ஹிதெக்குட்டி தடையின்றிப் பந்து பெறுவார். ஹங்கேரியர் 6-3 என்னும் கணக்கில் வென்றனர். அவற்றுள் மூன்று கோல்கள் ஹிதெக்குட்டி அடித்தவை. (காண்போர் கைகொட்டுவது பந்து கோலில் புகும்போது மட்டுமே, அதனை மாற்றுதல் அரிது.)

ஆயினும் வட்டப் பயிற்சிக்கு ஒரு குறை உண்டு: அதில் கோல் இல்லை. ஆதலின் சின்னாள் கழித்து, இருபுறமும் சிறு கோல்கள் நாட்டி, வழங்கியவன் உடனே முன்னோக்கி ஓடுமாறு பயிற்றல் வேண்டும். 2018-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் ரஷ்யரை எதிர்த்த ஸ்பெயின் வீரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை பந்தைத் தம்முள் வழங்கினர். ரஷ்யரோ தம் கோலுக்கு முன் நெருங்கி நின்று காத்தனர். ஸ்பெயினுக்குக் கிடைத்த ஒரே கோலும் ரஷ்யர் ஒருவர்மேல் பட்டுப் புகுந்ததே. 1-1 என நின்ற அவ்வாட்டம் பெனால்ட்டி உதைகளில் ரஷ்யர்க்காயிற்று.