வானொலியும் வெப்பமும்

வெயிலில் உழைப்பவன் உடலில் வியர்வை அரும்புகின்றது. அவ்வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கின்றது. அதனாலன்றோ அவன் தொடர்ந்து உழைக்க முடிகின்றது! வானொலி அலைகளைப் பரப்பும் கருவிக்கும் இத்தகையதொரு வழி வேண்டும். அது பெறும் மின்னாற்றல் முழுவதும் அலையாக மாறுவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிக் கருவியிலேயே தங்கிவிடுகின்றது. 200 வாட் ஆற்றலைப் பெறும் கருவி 100 வாட் ஆற்றலை மட்டும் அலையாக அனுப்புமாயின், எஞ்சிய 100 வாட்டும் வெப்பமே. சிறிது நேரம் பேசி நிறுத்தினால் கருவி ஆறிவிடும். இடைவிடாது பேசினாலோ, வெப்பம் மேன்மேலும் பெருகி உறுப்புகளைக் கெடுத்துவிடும்.

இவ்விடர்ப்பாட்டை மிகப் பெரிய அளவில் எதிர்கொண்டது, அமெரிக்காவில் சின்சினாட்டி நகருக்கு அருகே அமைந்த டபிள்யூ.எல்.டபிள்யூ. வானொலி நிலையம். 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் அது 500 கிலோவாட் ஆற்றலுடன் ஒலிபரப்பத் தொடங்கியது. குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் வெள்ளை மாளிகையிலிருந்தவாறே ஒரு விசையை அழுத்தி அதனைத் தொடங்கி வைத்தார். அந்நிலையத்தின் பெரிய வால்வுகளில் எலெக்ட்ரான்கள் நேர்மின்வாயின்மீது விரைந்து மோதின. அம்மோதலின் ஆற்றல் வெப்பமாயிற்று. அவ்வெப்பத்தை அகற்ற, வால்வுகளைச் சுற்றி நீர் ஓடச் செய்தனர்.

ஆனால், நேர்மின்வாயில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் இருந்தது. உப்புக் கலந்த நீரோ மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது. ஆதலின், காய்ச்சி வடித்த தூய நீரையே வால்வுகளைச் சுற்றி ஓடவிட்டனர். அந்நீர் தான் கொண்ட வெப்பத்தைத் தனியே ஓடிய வேறு நீருக்கு அளித்துவிட்டு மீண்டும் வால்வுகளை அடைந்தது. வெப்பத்தைப் பெற்ற நீர், நிலையத்தின் முன்னிருந்த குளத்தில் தூவப்பட்டு ஆறியது. உழைப்பாளியின் வியர்வை செய்யும் பணியையே அக்குளமும் செய்தது எனலாம்.

பிற்காலப் பொறியறிஞர்கள் மற்றொரு வழியையும் கையாண்டனர். 1 கிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை உயர்த்த 1 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் நீர் 1 கிராம் ஆவியாக மாறவோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆகவே, வால்வின் மேற்பரப்பிலேயே நீரைக் கொதிக்கவிட்டு, ஆவியை வேறிடத்தில் குளிர்வித்து மீண்டும் நீராக்கினர். இதனால் சிறிதளவு நீரே பெரும் வெப்பத்தை அகற்றியது.

டிரான்சிஸ்டர்களால் இயங்கும் சிறிய கருவிகளுக்கு இத்துணை ஏற்பாடு வேண்டுவதில்லை. அவற்றை அலுமினியத் தகட்டின்மீது பொருத்துவர். அத்தகட்டில் பல மடல்கள் இருக்கும். அவை காற்று படும் பரப்பைப் பெருக்குகின்றன. மடல்கள் செங்குத்தாக நின்றால், சூடேறிய காற்று தடையின்றி மேலெழும். குளிர்ந்த காற்று கீழிருந்து வந்து சேரும். இரு உலோகப் பரப்புகள் வழவழப்பாகத் தோன்றினும், அவற்றிடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அங்குத் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலின், வெப்பங்கடத்தும் பசையை மெல்லியதாகப் பூசுவர். இவையும் போதாவிடின் விசிறி அமைப்பர். அல்லது அனுப்பும் ஆற்றலைக் குறைத்துக் கொள்வர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அப்போது போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர், உயிர் பிழைத்தோர் பற்றிய செய்திகளைப் பெருநிலத்திலிருந்த உறவினர்க்கு எட்டச் செய்தனர். அத்தகைய வேளையில் கருவி மணிக்கணக்கில் பேச வேண்டும். இடையில் வெப்பத்தால் ஊமையாகிவிடின், தவிப்போர் குரல் எவர்க்கும் எட்டாது. ஒரு சிறு விசிறியும் சில உலோக மடல்களும் அப்போது மனித உயிர்களுக்குத் துணையாகின்றன.