மருத்துவ ஆய்வுகூடங்களும் தன்னியக்கமும் – ஒரு கணக்கீட்டு நோக்கு

நோயை இனங்காண்பதில் இன்று வைத்தியருக்கு வலக்கரமாக விளங்குவது மருத்துவ ஆய்வுகூடமாகும். நீரிழிவா, சிறுநீரகக் கோளாறா, டெங்குவா என்பதை அறியச் சிறிதளவு குருதியே போதுமானதாக இருக்கின்றது. ஆனால், நமது கைக்கு வரும் அறிக்கைத் தாளின் பின்னாலுள்ள செலவைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை. ஓர் ஆய்வுகூடம் தொடர்ந்து நட்டத்தில் இயங்கினால் அதன் கட்டணம் உயரும், அல்லது அது மூடப்படும். எது நிகழ்ந்தாலும் பாதிக்கப்படுபவர் நோயாளியே. இந்நிலையைத் தவிர்க்கத் தன்னியக்கம் எவ்வளவு தூரம் உதவும் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தன்னியக்கத்தின் வருகை

ஒரு காலத்தில் குருதிக் கலங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணினர். 1953இல் அமெரிக்கரான வொலஸ் கோல்ட்டர், சிறு துளையொன்றினூடாகக் கலங்கள் செல்லும்போது ஏற்படும் மின்தடை மாற்றத்தைக் கொண்டு அவற்றை எண்ணும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். லெனார்ட் ஸ்கெக்ஸ் என்பவர் உருவாக்கிய ‘ஓட்டோ அனலைசர்’ 1957இல் விற்பனைக்கு வந்தது. மெல்லிய குழாயினுள் மாதிரிகளைக் காற்றுக் குமிழிகளால் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிப்பதே அதன் செயன்முறையாகும்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் மசஹிதே சசாகி இன்னுமொரு படி முன்னே சென்றார். மாதிரிக் குழாய்களை இயந்திரத்துக்கு இயந்திரம் கொண்டு செல்ல நகரும் பட்டிகளையும் ரோபோக்களையும் அவர் பயன்படுத்தினார். குறைந்த ஆளணியைக் கொண்டு பெருந்தொகையான பரிசோதனைகளைச் செய்ய முடியும் என்பதை உலகம் அங்கு கண்டுகொண்டது.

செலவு எப்படிக் குறைகின்றது?

உயர்தரத்தில் கணக்கீடு கற்கும் மாணவியர் நிலையான செலவு, மாறும் செலவு என்பவற்றை நன்கறிவர். இயந்திரத்தின் பெறுமானத் தேய்வு, பராமரிப்பு ஒப்பந்தம், சம்பளம், தினந்தோறும் செய்ய வேண்டிய தரக்கட்டுப்பாட்டுச் சோதனை ஆகியன நிலையான செலவுகள். ஒரு நோயாளி வந்தாலும் நூறு நோயாளிகள் வந்தாலும் இவை மாறுவதில்லை. சோதனைப்பொருட்கள், குழாய்கள், ஊசிகள் என்பன மாறும் செலவுகள். கையால் செய்வதைவிடத் தன்னியக்க இயந்திரம் ஒரு பரிசோதனைக்கு மிகக் குறைந்தளவு சோதனைப்பொருளையே எடுப்பதால் அதன் மாறும் செலவு குறைவு. ஆனால், நிலையான செலவு அதிகம்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுப்போம். கைமுறை ஆய்வுகூடமொன்றின் மாதாந்த நிலையான செலவு ரூபா 120,000. ஒரு பரிசோதனைக்கான மாறும் செலவு ரூபா 320. தன்னியக்க ஆய்வுகூடத்தில் இவை முறையே ரூபா 300,000, ரூபா 200 எனக் கொள்வோம். இரண்டிலும் கட்டணம் ரூபா 500 ஆகும்.

மாதத்துக்கு 600 பரிசோதனைகள் மட்டுமே நடந்தால் கைமுறையில் நட்டம் ரூபா 12,000. தன்னியக்கத்தில் நட்டம் ரூபா 120,000! 1,500 பரிசோதனைகளில் இரண்டினதும் மொத்தச் செலவு சமமாகிவிடும். 3,000 பரிசோதனைகளாயின் தன்னியக்க ஆய்வுகூடத்தின் செலவு ரூபா 180,000 குறைவாக இருக்கும். ஆக, இலாபத்தைத் தருவது இயந்திரம் அன்று. அதன் கொள்ளளவை நிரப்பும் பரிசோதனை எண்ணிக்கையே.

இயந்திரத்துக்கு வெளியே கசியும் பணம்

இத்தாலியின் பதுவா நகரில் பிளெபானி, கராரோ ஆகியோர் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. ஆய்வுகூடத் தவறுகளில் 68.2 சதவீதம் மாதிரி பகுப்பாய்வுக்குச் செல்லுமுன்பே நிகழ்ந்தவை. பகுப்பாய்வின்போது நிகழ்ந்தவை 13.3 சதவீதம் மாத்திரமே. எஞ்சியவை அதன் பின்னர் நிகழ்ந்தவை. பெயர் மாறிய குழாய், உறைந்துபோன குருதி, போதாத மாதிரி என்பன முதல்வகைத் தவறுகளுக்கு உதாரணங்களாகும். தவறு ஏற்பட்டால் பரிசோதனையை மீளச் செய்ய வேண்டும். அதற்கு வருமானம் கிடையாது. நோயாளிக்கோ இன்னொரு ஊசி, இன்னொரு பயணம், இழந்த ஒருநாள் கூலி.

எனவே விலையுயர்ந்த பகுப்பாய்வு இயந்திரத்தை வாங்குமுன், குழாய்களில் பட்டைக் குறியீடு ஒட்டுவதும் பெறுபேறுகளைக் கணினி வழியே நேரடியாகப் பதிவதும் அறிவுடைமையாகும். பெரிய முதலீடின்றியே பெரிய கசிவை அடைக்கும் தன்னியக்கம் இதுவே.

நமது நாட்டின் அனுபவம்

2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். டெங்கு நோயாளியின் குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அத்தகைய சுமையை நுணுக்குக்காட்டியை மட்டும் நம்பித் தாங்குதல் இயலாது; கலங்களை எண்ணும் இயந்திரங்களின் அருமை அங்கே புலப்படுகின்றது.

மறுபுறம், 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடி வேறொரு பாடத்தைப் புகட்டியது. இயந்திரம் இருந்தாலும் அதற்கான சோதனைப்பொருள் இறக்குமதியாகாவிடின் அது வெறும் காட்சிப்பொருளே. சில விற்பனையாளர்கள் இயந்திரத்தை விலையின்றித் தந்து, சோதனைப்பொருட்களைத் தம்மிடமே பல ஆண்டுகளுக்கு வாங்குமாறு ஒப்பந்தம் செய்வதுண்டு. முதலீடு இல்லாத ஆய்வுகூடத்துக்கு இது உதவியாகும். ஆனால், குறித்த எண்ணிக்கைக்குக் கீழே பரிசோதனைகள் குறைந்தால் அதுவே கழுத்தை நெரிக்கும் சுருக்காக மாறலாம். கையொப்பமிடுமுன் கணக்குப் பார்ப்பது அவசியம்.

சிறிய ஊர்களிலுள்ள ஆய்வுகூடங்கள் அன்றாடப் பரிசோதனைகளை அரைத் தன்னியக்க இயந்திரங்களில் செய்து, அரிதானவற்றை மத்திய ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பலாம். இதனால் மத்திய ஆய்வுகூடத்தின் இயந்திரமும் நிரம்பும்; ஊர் மக்களுக்கும் அருகிலேயே சேவை கிடைக்கும்.

முடிவாக

தன்னியக்கம் வந்தால் தொழினுட்பவியலாளருக்கு வேலை இல்லாமற் போகும் என அஞ்சுவோர் உளர். எண்ணும் வேலையை இயந்திரம் ஏற்கும்போது, சந்தேகத்துக்குரிய பெறுபேற்றை ஆராயும் வேலை மனிதருக்கே எஞ்சுகின்றது. அரச வைத்தியசாலையில் பரிசோதனை இலவசமாயினும் அதன் செலவை மக்களின் வரிப்பணமே தாங்குகின்றது என்பதையும் மறத்தலாகாது. உயிரியல் கற்கும் மாணவியும் கணக்கீடு கற்கும் மாணவியும் நாளை ஒரே ஆய்வுகூடத்தின் இரு தூண்களாக நிற்கக்கூடும். ஒருவர் பெறுபேற்றைச் சரிபார்க்க, மற்றவர் பேரேட்டைச் சரிபார்த்தால், அந்த ஆய்வுகூடத்தின் கதவு ஏழை நோயாளிக்கும் என்றும் திறந்திருக்கும்.