ஸ்கா: எங்கே தொடங்குவது?

கேள்வி: ரெகே விரும்பிக் கேட்பேன். அதற்கு முன்னோடி ஸ்கா என்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஸ்காட்டலைட்ஸ். வேறு யோசனையே வேண்டாம். 1964-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உருவான குழு இது. முதலில் அவர்களுடைய ‘கன்ஸ் ஆஃப் நவரோன்’ கேளுங்கள். ஊதுகருவிகள் உடனே ஆளை இழுத்துக்கொள்ளும். மறுமுறை கிட்டாரை மட்டும் கவனியுங்கள்: தாளத்தின் அடியில் விழாமல், இரண்டு அடிகளுக்கு நடுவே வெட்டி வெட்டி ஒலிக்கும். ஸ்காவின் உயிர் அங்கேதான். பிறகு ‘ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்டு டைம்’. டான் டிரம்மண்டின் டிராம்போனில் இருக்கும் துயரம், ஆட வைக்கும் இசைக்குள் எப்படி வந்தது என்று இன்றும் வியக்கிறேன். அவரும் குழுவில் இன்னும் சிலரும் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் இசை கற்ற ஏழைப் பிள்ளைகள்.

பாட்டு வேண்டுமென்றால் பிரின்ஸ் பஸ்டர். மில்லி ஸ்மாலின் ‘மை பாய் லாலிபாப்’.

அடுத்து இங்கிலாந்துக்குப் போங்கள். கோவென்ட்ரி நகரத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த தி ஸ்பெஷல்ஸ் குழுவின் 1979 ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டும். அதன் முதல் பாட்டு, டாண்டி லிவிங்ஸ்டன் 1967-இல் பாடியது. இரண்டு பதிவுகளிலும் டிராம்போன் வாசித்தவர் ஒருவரே: ரிக்கோ ராட்ரிகெஸ், அதே ஆல்ஃபா பள்ளி மாணவர். அடுத்தடுத்து இரண்டையும் போட்டுக் கேளுங்கள். அமெரிக்க ஸ்கா-பங்க் பிறகு வரட்டும்.