கதவில் ஒட்டிய ஸ்டிக்கர்

அன்புள்ள நிலா,

குப்பை வண்டி, தெரு விளக்கு, சொத்து வரி, இவ்வளவுதான் கார்ப்பரேஷன். தனிமனித உரிமை என்பதெல்லாம் டெல்லியில் பேசுகிற விஷயம் என்று உன் வகுப்பில் சொன்னார்களாமே. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடாளுமன்றம் போடுகிற சட்டம் பாலவாக்கம் வந்து சேர வருஷக்கணக்காகும். கமிஷனரின் உத்தரவு காலையில் கையெழுத்தானால் மாலைக்குள் வாசலில் நிற்கும். இத்தனை கிட்டத்தில் இருக்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் இடமும் கிட்டத்திலேயே இருக்க வேண்டும் அல்லவா? அந்த இடம்தான் கவுன்சிலர்கள் கூடும் மாமன்றம். உங்கள் ஊருக்கு அது ஐந்து வருஷத்துக்கும் மேல் பூட்டிக் கிடந்தது.

தனி ஊராட்சியாக இருந்த பாலவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்த வருஷம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு சொல்கிறது. நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்கு என்று காரணங்களுக்குக் குறைவில்லை. இடைப்பட்ட காலத்தில் கவுன்சிலர் இல்லை, மேயர் இல்லை. தனி அலுவலரே தீர்மானம் போடுவார், அவரே நிறைவேற்றுவார். ரோடு போடுவதற்கு இந்த ஏற்பாடு ஒருவேளை வசதியாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் கொரோனா வந்தது.

2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீட்டுக் கதவில் மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டியது. இது தனிமைப்படுத்தப்பட்ட வீடு, இன்ன தேதி வரை யாரும் உள்ளே வர வேண்டாம் என்பது சேதி. தொற்று உறுதியான வீடுகளின் வாசலில் பிறகு தகரமும் அடித்தார்கள். ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் பழைய வீடு, அப்போது கட்சி அலுவலகம், அதன் சுவரிலும் ஸ்டிக்கர் ஏறியது. அவர் அங்கே குடியிருக்கவே இல்லை. வேறொருவரின் பாஸ்போர்ட்டில் இருந்த பழைய முகவரியைப் பார்த்து ஒட்டிவிட்டோம் என்று மாநகராட்சி விளக்கம் சொல்லி, உடனே அகற்றியது. எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துபோன செய்திதான். நான் அதில் பார்ப்பது வேறு. பட்டியல் தப்பாக இருக்கலாம். தப்பைச் சொல்லக் குரல் உள்ளவருக்கு அது உடனே சரியாகும். மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் யாரிடம் போய்ச் சொல்வார்? கவுன்சிலர் கிடையாது. ஊரடங்கில் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கவும் முடியாது. ஸ்டிக்கரைக் கிழித்தாலும் வீட்டுக்காரர் பார்த்தது பார்த்ததுதான்.

தொற்று நோய்க் காலத்தில் அந்தரங்கமாவது, உயிர் முக்கியமில்லையா என்று நீ கேட்பாய். உயிர்தான் முக்கியம். தனிமைப்படுத்தும் அதிகாரத்தையே நான் மறுக்கவில்லை. அது 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டத்திலும் நம் மாநிலத்தின் 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்திலும் இருக்கிறது. தனிமைப்படுத்துவது ஒன்று, அதைத் தெருவுக்கே அறிவிப்பது இன்னொன்று. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது, அதில் அரசு கைவைப்பதற்கு நிபந்தனையும் விதித்தார்கள்: அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. ஸ்டிக்கர் தடுக்கி விழுவது மூன்றாவதில். அதை ஆதரிப்பவர்கள் சொல்வதிலேயே வலுவான வாதம் துப்புரவுப் பணியாளரைப் பற்றியது. எந்த வீட்டுக் குப்பை ஆபத்தானது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? கட்டாயம் தெரிய வேண்டும். அவரிடமும், வீடு வீடாக வந்து காய்ச்சல் உண்டா என்று கேட்ட களப்பணியாளரிடமும் பட்டியலைக் கொடுத்துவிட்டால் போதும். எதிர்வீட்டுக்கும் பால்காரருக்கும் முன்பின் தெரியாத வழிப்போக்கருக்கும் எதற்கு? தெருவே பார்த்து ஒதுக்கும் என்று பயந்தால், அறிகுறி இருப்பவர் பரிசோதனைக்கு வராமல் ஒளிந்துகொள்வார். நோயைப் பிடிக்க வந்த ஏற்பாடு நோயாளியை விரட்டிவிடும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சுவரொட்டி ஒட்டப்பட்ட வீட்டுக்காரர்கள் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுவதைச் சுட்டிக்காட்டி, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி தனி உத்தரவு இருந்தாலொழிய ஒட்டக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் மார்ச்சில் ஒட்டியதற்கு டிசம்பரில் பதில்.

ஏதோ மன்றம் இருந்திருந்தால் மட்டும் தடுத்துக் கிழித்திருப்பார்களாக்கும், மேசையைத் தட்டி நிறைவேற்றியிருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம், நம் கவுன்சிலர்களைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கைப் பார். 1981-இல் அவர்களை அகற்ற முடிவானது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் சேலத்திலிருந்து பிழைப்பு தேடி வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவரும் இருந்தார். முன்னறிவிப்பு இல்லாமலே அகற்றலாம் என்று பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-வது பிரிவு இடம் கொடுத்தது. பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று 1985-இல் நீதிமன்றம் சொன்னது. 314-வது பிரிவை ரத்து செய்யவில்லை. நோட்டீஸ் இல்லாமல் அகற்றுவது விதிவிலக்காக இருக்கலாமே தவிர, பாதிக்கப்படுபவரைக் கேட்பதுதான் விதி என்று விளக்கியது. நடைபாதை அவர்களுக்குக் கிடைத்துவிடவில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது அக்டோபர் கடைசி வரை, கைவைக்கக் கூடாது என்ற தவணை கிடைத்தது. மழையில் குழந்தையோடு தெருவில் நிற்கிறவர்களுக்கு அந்தத் தவணை சின்ன விஷயமா? 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் இதையே ஒரு அமைப்பாக்கியது. ஊர் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள்; இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். தி.நகரில் தள்ளுவண்டியை லாரியில் ஏற்றும்போது, அந்த 30 நாள் கொடுத்தார்களா என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

அடுத்த அவசரம் நோயாகத்தான் வரும் என்றில்லை. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் சென்னைத் தெருக்களுக்குக் கேமராக்கள் வந்தன. தமிழ்நாடு காவல்துறையிடம் முகத்தை அடையாளம் காணும் மென்பொருளும் இருக்கிறது. ராத்திரி வேலை முடிந்து ஈ.சி.ஆரில் பஸ் இறங்கி நடக்கும் பெண்ணுக்குக் கேமரா ஒரு தைரியம். அதைக் கழற்றச் சொல்பவன் அல்ல நான். ஆனால் உங்கள் வார்டில் மக்கள் கேள்வி கேட்கும் ஏரியா சபை கூடும்போது போய் உட்கார். இந்தக் கம்பத்தில் கேமரா வைக்க எந்தத் தீர்மானம், பதிவை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், யார் பார்க்கலாம், பார்த்தவர் பெயர் எங்கே பதிவாகிறது என்று கேள். கேட்டதையும் சொன்ன பதிலையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல். இப்போதைய மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சோடு சரி. அதற்குள் தேர்தல் வருகிறதா என்பதையும் அங்கேயே கேட்டு வை.

அன்புடன்,
சித்தப்பா