மாடிக்குத் தூக்கிப் போக ஒரு சின்னத் தொலைநோக்கி: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இரவுச் சாப்பாடு முடிந்து மாடிக்கு வருகிறீர்கள். வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது, மேற்கே அரை நிலா சாய்ந்திருக்கிறது. ஒரு கையில் ஸ்டூல், மறு கையில் தொலைநோக்கி. இரண்டு நிமிடத்தில் நிலவின் மலைகள் கண்ணுக்குள் வந்துவிடும். பெரிய கருவியை வாங்கி, அதைப் பூட்டிக் கழற்றும் அலுப்பிலேயே பரணில் போட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அடிக்கடி வெளியே வரும் தொலைநோக்கியே நல்ல தொலைநோக்கி. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு நம்பிக்கையில் எழுதியது.

படி 1: எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்

கடையில் "எத்தனை மடங்கு பெரிதாக்கும்?" என்று கேட்க வேண்டாம். ஒளியைச் சேர்க்கும் வில்லையோ ஆடியோ எத்தனை மி.மீ. அகலம் என்று கேளுங்கள். இருட்டில் நம் கண்மணி அதிகம் போனால் 7 மி.மீ. விரியும். 130 மி.மீ. ஆடி அதைவிட 300 மடங்குக்கு மேல் ஒளியை அள்ளும்.

தொடங்குவதற்கு 70–80 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி போதும். என் விருப்பம், ஸ்டூல் மேல் வைக்கிற 114 அல்லது 130 மி.மீ. டாப்சோனியன், அதாவது எளிய சுழலும் தாங்கியில் அமர்ந்த ஆடித் தொலைநோக்கி. மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளினால் போதும், மோட்டார் வேண்டாம். இந்தத் தாங்கியைப் பரவலாக்கிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். ஒட்டுப்பலகையும் அட்டைக் குழாயும் கொண்டு தொலைநோக்கி செய்து, நடைபாதையில் நிறுத்தி, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார்.

படி 2: பெருக்கக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

குழாயின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 650 மி.மீ. குழாயில் 25 மி.மீ. வில்லை போட்டால் 26 மடங்கு, 10 மி.மீ. வில்லை போட்டால் 65 மடங்கு. உச்ச வரம்பு, அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு: 130 மி.மீ. கருவிக்கு 260. சின்னக் கருவியின் பெட்டியில் 500 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். மங்கிய கலங்கல்தான் தெரியும்.

எப்போதும் 25 மி.மீ. வில்லையில் தொடங்குங்கள். பார்க்கும் பரப்பு அகலமாக இருக்கும், பொருள் எளிதில் சிக்கும்.

படி 3: பகலிலேயே ஃபைண்டரைச் சரிசெய்யுங்கள்

ஃபைண்டர் என்பது குறிபார்ப்பதற்காகக் குழாயின் மேல் பொருத்திய சிறு கருவி. அரை கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தின் நுனியைக் குழாயின் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு குழாயை அசைக்காமல், ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதிலும் அதே நுனியை நடுவில் நிறுத்துங்கள். படம் தலைகீழாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். ஆடித் தொலைநோக்கியின் இயல்பு அது.

எச்சரிக்கை: சூரியன் பக்கம் குழாயையோ ஃபைண்டரையோ ஒருபோதும் திருப்பாதீர்கள். ஒரு நொடியில் பார்வை போய்விடும். பகலில் கருவியைக் குழந்தைகளிடம் தனியே விடாதீர்கள்.

படி 4: மாடியையும் கண்ணையும் தயார் செய்யுங்கள்

பகல் வெயிலைக் குடித்த தளம் முன்னிரவில் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும்; அதனால் படம் நடுங்கும். தரை ஆறிய பிறகு பார்ப்பது நல்லது. ஏ.சி. அறையிலிருந்து கருவியை எடுத்து வந்தால் வில்லையில் ஈரம் படியும். மூடியைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளியே விடுங்கள். அதற்குள் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடும். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டுங்கள், செல்போனை உள்ளேயே வைத்துவிடுங்கள்.

படி 5: முதலில் நிலா

பௌர்ணமியில் நிலா தட்டையாகத் தெரியும். வளர்பிறை சப்தமி, அஷ்டமி நாட்களில் பாருங்கள். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் காட்சி. அங்கே பள்ளங்களுக்குள் நிழல் மை போலத் தேங்கியிருக்கும். கோட்டுக்கு அப்பால், இருட்டுக்குள் ஒரு ஒளிப்புள்ளி தனியே மின்னும். விடியலில் ஊர் இருண்டிருக்க, கோபுரக் கலசத்தில் மட்டும் வெயில் விழுமே, அதுபோல மலையுச்சியில் முதல் வெயில் விழுகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், வெயில் மலைச்சரிவில் சற்றே இறங்கியிருக்கும்.

படி 6: வியாழனும் சனியும்

வியாழனின் இருபுறமும் வரிசையாகச் சில புள்ளிகள் தெரியும்: அயோ, யூரோப்பா, கனிமீடு, காலிஸ்டோ. 1610 ஜனவரியில் கலிலியோ இவற்றைக் கண்டபோது அவர் கருவி சுமார் 20 மடங்குதான் பெரிதாக்கியது. உங்களுடையது அதைவிட மேல். மறுநாள் பார்த்தால் புள்ளிகள் இடம் மாறியிருக்கும். 65 மடங்கில் வியாழன் இரண்டு மூன்று நிமிடத்தில் நழுவிப்போகும். பூமியின் சுழற்சி அது. மெல்லத் தள்ளிப் பின்தொடருங்கள்.

சனியின் வளையத்துக்கும் 65 மடங்கு போதும்.

படி 7: நட்சத்திரக் கூட்டங்கள்

குளிர்கால இரவுகளில் கார்த்திகைக் கூட்டத்தை 26 மடங்கில் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிந்தது பல பத்தாகப் பெருகும். அதே பருவத்தில், திருவாதிரை விண்மீன் இருக்கும் ஓரியன் மண்டலத்தில் இடைவார் போன்ற மூன்று விண்மீன்களுக்குக் கீழே சாம்பல் நிறப் புகை தெரியும். விண்மீன்கள் பிறக்கும் ஓரியன் நெபுலா அது. சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவு. உங்கள் கண்ணில் விழும் அந்த ஒளி பல்லவர் காலத்தில் கிளம்பியது.

மே மாத முன்னிரவில் தெற்கே ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது அடிவானத்துக்கு மேலேயே வராது. தமிழ்நாட்டில் நன்றாக எழும்பி நிற்கும்.

படி 8: குறிப்பு, பராமரிப்பு

தேதி, நேரம், பார்த்ததன் சிறு படம்: இவற்றை ஒரு நோட்டில் பதியுங்கள். வரைய உட்கார்ந்தால்தான் கண் நின்று பார்க்கும். ஆடியைத் துணியால் துடைக்காதீர்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, வில்லைகளைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள். கருவி மட்டும் கதவோரத்திலேயே இருக்கட்டும்.

அடுத்த அஷ்டமிக்குப் பக்கத்து வீட்டாரையும் மாடிக்குக் கூப்பிடுங்கள். குனிந்து பார்ப்பவர் சட்டென்று பேச்சை நிறுத்துவார். டாப்சன் நடைபாதையில் நின்றது அந்த நொடிக்காகத்தான்.