செடிகளுக்கும் கவாத்து உண்டு!



கவாத்து என்றால் போலீஸ்காரர்கள் மைதானத்தில் செய்கிற பயிற்சி என்றுதான் நினைப்போம். செடி, மரங்களின் கிளைகளை அளவாக வெட்டிவிடுவதற்கும் அதே பெயர்தான். தெலுங்கு பேசும் வீடுகளில் ‘கொம்ம கத்திரிம்பு’ என்பார்கள். ஆனால் எந்த மொழி பேசினாலும், “பூக்கிற செடியில கத்தி வைக்காதே, பாவம்” என்று சொல்கிற ஒரு பாட்டி வீட்டில் இருப்பார்.

நம் பள்ளி சமையல்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குண்டுமல்லிச் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரம் இருக்கிறது. இலை ஏராளம். பூ மட்டும் ஒரு கைப்பிடி கூட இல்லை. “மலட்டுச் செடி, பிடுங்கிப் போட்டுடலாம்” என்று சிலர் சொல்கிறார்கள். பிடுங்குவதற்கு முன் இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெட்டினால் ஏன் துளிர்க்கிறது?

ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு மொட்டு இருக்கிறது. அதில் ஆக்சின் என்ற ஹார்மோன் உண்டாகி கீழே இறங்குகிறது. அது இருக்கும்வரை பக்க மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருக்கும். 1933-ல் திமன், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் மொச்சை போன்ற ஒரு செடியின் நுனியை வெட்டினார்கள். பக்க மொட்டுகள் முளைத்தன. இன்னொரு செடியில் நுனியை வெட்டிவிட்டு அதே இடத்தில் ஆக்சின் வைத்தார்கள். முளைக்கவில்லை! அதாவது, வகுப்பு லீடர் வெளியே போனால் எல்லோரும் எழுந்து நிற்பது போலத்தான் இது. ஒரு நுனியை எடுத்தால் இரண்டு, மூன்று புதுக் கிளைகள் வரும். நீலகிரியில் தேயிலை இடுப்பு உயரப் புதராக இருப்பதும் இதனால்தான். வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும்.

எதை, எப்போது வெட்டணும்?

கத்தரி எடுக்கும் முன் ஒரே கேள்வி கேட்கணும்: இந்தச் செடி புதுக் கிளையில் பூக்கிறதா, முற்றிய கிளையில் பூக்கிறதா?

குண்டுமல்லி: புதுக் கிளையில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை அப்படியே விட்டால் பூ குறையும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே இருப்பதை வெட்டணும். (நம்ம பெரிய ஸ்கேல் ஒன்று, அதற்கு மேல் இன்னும் 20 செ.மீ.) பிறகு மக்கிய தொழு உரம் 10 கிலோ போடணும். மார்ச் முதல் ஜூலை வரை பூக்கும்.

முல்லை: இதற்கு ஜனவரி கடைசி வாரம். உயரம் 45 செ.மீ.

செடிமுருங்கை: 75 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளணும். காய்ப்பு முடிந்ததும் 90 செ.மீ. உயரத்தில் வெட்டினால் 4, 5 மாதத்தில் மறுபடியும் காய்க்கும்.

மா: இது நேர் எதிர். முற்றிய கிளையின் நுனியில்தான் பூங்கொத்து வரும். அதனால் காய் பறித்த பிறகு, ஆகஸ்ட், செப்டம்பரில் காய்ந்த கிளை, நோய்க் கிளை, ஒன்றோடு ஒன்று உரசும் கிளை இவற்றை மட்டும் எடுக்கணும். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் மார்கழியில் மாமரத்தை மொட்டையடித்தார்கள். அந்த வருஷம் ஊறுகாய்க்குக் கூட ஒரு காய் இல்லை. மரத்தின் மேல் தப்பில்லை, மாதத்தின் மேல்தான் தப்பு.

எப்படி வெட்டணும்?

1. கத்தரி கூர்மையாக, சுத்தமாக இருக்கணும். மொண்ணைக் கத்தி நார் நாராகக் கிழித்துவிடும்.

2. மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டணும். மழைத் தண்ணீர் தேங்காது.

3. பெரிய கிளையை மூன்று வெட்டாக எடுக்கணும். முதலில் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி அறுக்கணும். அடுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை விழுந்துவிடும், பட்டை உரியாது. கடைசியாக மீதிக் கட்டையை, தண்டை ஒட்டியிருக்கும் வீக்கத்தை விட்டுவிட்டு அறுக்கணும். அந்த வீக்கம்தான் காயத்தை மூடுகிற இடம்.

4. பறவைக் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை காத்திருக்கணும். மின்கம்பி பக்கத்தில் நாம் கை வைக்கவே கூடாது, மின்வாரிய ஆட்கள்தான் வெட்டணும்.

நம் மல்லிச் செடிக்கு இன்னொரு குறையும் உண்டு. மல்லிக்கு நல்ல வெயில் வேணும். மேலே தாழ்ந்து நிற்கும் புங்கமரக் கிளை மதியம் முழுக்க நிழல் போடுகிறது. அந்த ஒரு கிளையைப் பெரியவர்கள் எடுத்துத் தந்தால் போதும், முழு மரத்தையும் வெட்ட வேண்டாம். மற்றவர்களுக்கு நிழல் வேணுமே!

ஆடிக் கிருத்திகைக்கு நம் மலைக்கு எத்தனை பூக்காவடி வருகிறது! அந்தப் பூவெல்லாம் யாரோ ஒருவர் செடியைத் தெரிந்து வளர்த்ததால் வந்ததுதான். ஆகவே, நவம்பர் கடைசி வாரம் நம் மல்லியைக் கவாத்து செய்ய அனுமதி கேட்கிறேன். தொழு உரத்துக்கு எங்கள் வகுப்பு பொறுப்பு. ஏப்ரல் வரை பொறுத்துப் பாருங்கள். அப்பவும் பூக்கலைன்னா பிடுங்கிக்கொள்ளலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி