பிரெகேயின் கடிகாரங்கள்

விலையுயர்ந்த கடிகாரம் என்றவுடன் பொன்னும் வைரமும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும் பொன் காலத்தைக் காட்டாது. வைரம் ஒரு நொடியையும் திருத்தாது. ஆதலின் ஒரு கடிகாரத்தின் அருமையை அறிய விரும்புவோர் அதன் மூடியைத் திறந்து உள்ளே நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்குதற்கு ஆபிரகாம் லூயி பிரெகே என்பாரின் வேலைப்பாடுகள் பெரிதும் தக்கன என்பது நம் துணிபு.

இவர் 1747-ஆம் ஆண்டில், இக்காலத்தில் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த நியூஷாட்டெல் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பிரான்ஸ் தேசம் சென்று தொழில் பயின்று, 1775-இல் பாரிஸ் மாநகரில், சேன் ஆற்றின் நடுவேயுள்ள தீவில், தமக்கெனத் தொழிற்கூடம் நிறுவினார். அது நின்ற தெருவின் பெயரும் ‘கடிகாரக் கரை’ என்றே பொருள்படும்.

கடிகாரத்தின் உயிர்நிலை அதன் ஊசற்சக்கரம். மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதனை இருபுறமும் மாறி மாறி ஆடச்செய்கிறது. அவ்வாட்டமே காலத்தை அளக்கிறது. அச்சுருளின் கடைசிச் சுற்றைச் சிறிதே மேலே உயர்த்தி உள்நோக்கி வளைத்தால் சுருள் நாற்புறமும் ஒத்து விரிந்து சுருங்கும் என்பதைப் பிரெகே 1795-இற் கண்டார். ஒரு சிறு வளைவுதான். ஆயினும் இன்றளவும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதனினும் பெரியதொரு தொல்லை இருந்தது. அக்காலத்துக் கடிகாரங்கள் பகல் முழுதும் சட்டைப்பையில் நிமிர்ந்த நிலையிலேயே கிடந்தன. ஊசற்சக்கரத்தின் ஒரு பக்கம் அணுவளவு கனமாயிருப்பினும் பூமியின் ஈர்ப்பு அப்பக்கத்தைக் கீழே இழுக்கும். அதனால் கடிகாரம் ஒரு நிலையில் முந்தும், வேறொரு நிலையிற் பிந்தும். எத்துணைத் தேர்ந்த கையும் இக்குறையை முற்றும் நீக்க வல்லதன்று. பிரெகே செய்தது யாது? ஊசற்சக்கரத்தையும் அதனை இயக்கும் நுண்ணுறுப்புக்களையும் ஒரு சிறு கூட்டினுள் அமைத்து, அக்கூடு முழுவதையும் நிமிடத்திற்கு ஒருமுறை சுழலச் செய்தார். ஒரு பாதிச் சுற்றில் முந்தியது மறு பாதியிற் பிந்தி ஈடாகும். குறையை ஒழிக்க இயலாதென்று ஒப்புக்கொண்டு, அக்குறையைக் கொண்டே அதனை வென்ற இவ்வுபாயம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. 1801-இல் இதற்கு அரசுரிமை பெற்று, ‘சுழற்காற்று’ என்னும் பொருளுடைய ‘தூர்பியோன்’ என்று பெயரிட்டார். இந்நாளில் இதனைக் கைக்கடிகார முகப்பிலே திறந்து காட்டிப் பெரும்பொருளுக்கு விற்கின்றனர். கையோ ஓயாது அசைந்துகொண்டிருக்கிறது! பையிற் கிடந்த கடிகாரத்திற்காகப் பிறந்த உறுப்பு இஃது என்பதை வாங்குவோர் பலர் எண்ணுவதில்லை போலும்.

பிரெகேயின் புகழை உலகெங்கும் பரப்பியது 160-ஆம் எண்ணுள்ள கடிகாரம். பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்திற்கென்று 1783-இல் அதற்கு ஆணை வந்தது. காலத்திற்கும் எல்லை இல்லை, செலவிற்கும் எல்லை இல்லை. கூடிய இடத்திலெல்லாம் பொன்னே இடவேண்டும் என்பது கட்டளை. மணியையும் நிமிடத்தையும் ஒலித்துக் கூறுவது, நாளும் மாதமும் காட்டுவது, வெப்பத்தை அளப்பது, அணிவோர் நடையினால் தானே முறுக்கேறுவது என அதன் தொழில்கள் பல. ஆனால் 1793-இல் அரசி கொலைமேடை ஏறினாள். அவ்வாண்டே பிரெகேயும் நாட்டைவிட்டு வெளியேறி, 1795-இல் மீண்டார். 1823-இல் அவரும் மறைந்தார். கடிகாரம் அவர் மைந்தர் காலத்தில், 1827-இல் முற்றுப்பெற்றது. அணிதற்குரியவள் இறந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன! பின்னர் 1983-இல் எருசலேம் நகரத்து அருங்காட்சியகமொன்றிலிருந்து அது களவுபோய், 2007-இல் மீண்டும் கிடைத்தது.

எனினும், இரண்டிலொன்றைத் தேர்ந்துகொள்க என்று நம்மைக் கேட்பின், நாம் இதனை வேண்டோம். 1797-இல் பிரெகே வெளியிட்ட எளிய கடிகாரம் ஒன்றுண்டு. விலையிற் காற்பங்கை முன்னரே செலுத்தினார்க்கு அது செய்து தரப்பட்டது. அதற்கு முள் ஒன்றே. ஒவ்வொரு மணியின் இடைவெளியும் பன்னிரண்டாகப் பகுக்கப்பட்டிருத்தலின், அவ்வொரு முள்ளே மணியையும் ஐந்தைந்து நிமிடங்களையும் காட்டிவிடும். அரசியின் கடிகாரத்தில் எதனையும் சேர்த்தார். இதிலோ வேண்டாதது அனைத்தையும் நீக்கினார். பின்னதே அரிய செயல் என்று நமக்குத் தோன்றுகிறது.

புகழ் மிக்க இடத்திற் போலியும் மிகும். பிரெகேயின் பெயரைப் பொறித்துப் பிறர் தாழ்ந்த கடிகாரங்களை விற்கலாயினர். அவரோ முகப்பில் 12 என்னும் எண்ணின் அருகே, சாய்ந்த ஒளியில் மட்டுமே தெரியுமாறு, தம் கையொப்பத்தை மிக நுண்ணிதாகப் பொறித்தார்.

இவ்வாறு தம் பெயரைக் காத்தவர், பிறர் பெயரைப் போற்றிய வரலாறும் உண்டு. லண்டன் நகரத்துக் கடிகார வல்லுநர் ஜான் ஆர்னால்டு பிரெகேயின் நண்பர்; ஒருவர் மைந்தர் மற்றவரிடம் தொழில் பயின்றதும் உண்டு. ஆர்னால்டு 1799-இல் இறந்தார். பிரெகே, அந்நண்பர் செய்த பழைய கடிகாரம் ஒன்றை எடுத்து, தம் முதற் சுழற்கூடுகளில் ஒன்றை அதனுள் பொருத்தி, ஆர்னால்டின் நினைவிற்கு இது காணிக்கை என்னும் கருத்தமைந்த வாசகமும் பொறித்து, 1808-இல் அவர் மைந்தருக்கு அளித்தார். இரு கைகளின் வேலையும் ஒன்றாய் அமைந்த அக்கடிகாரம் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.